பெரியம்மா திருப்பிக் கொடுத்த அங்பாவ்

போன வாரம் தீபாவளியன்று, கிள்ளானில் பெரியம்மா வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்தில், வீடு நிறைய ஆட்கள் முன்னால் நான் மறுபடியும் குழந்தை ஆக்கப்பட்டேன்.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் தீபாவளி அங்பாவ் இல்லாமல் நடக்காது. வேலைக்குப் போகிறவர்களும் கல்யாணமானவர்களும் கலர் உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். சரி... ஒரு பிள்ளை எந்த வருஷம் வாங்குகிற பக்கத்திலிருந்து கொடுக்கிற பக்கத்துக்கு மாற வேண்டும்? அதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எனக்கு வயது இருபத்தொன்பது. (பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்து, என்னை வயதானவள் என்று நினைத்து, ‘அன்புள்ள அம்மா’ என்று ஆரம்பித்து, மருமகள் பிரச்சினைக்கு என்னிடம் ஆலோசனை கேட்கும் வாசகர்கள் மன்னிக்கவும்.) வங்கி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறேன். சில மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. சில மாதம் ஒரு போன்கூட வராது. சொந்தக்காரர்கள் பாஷையில் இதற்குப் பெயர் – ‘வீட்லதான் இருக்கா.’

இந்த வருஷம் பக்கம் மாறிவிடுவது என்று முடிவு செய்தேன். ஊதா உறைகள் வாங்கி, புது நோட்டாகப் பார்த்து வைத்து, ஹேண்ட்பேக்கில் அடுக்கிக்கொண்டு போனேன்.

அங்கே போனால், பெரியம்மாவின் மகன் தினேஷ் சோபாவில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அங்பாவ் கொடுத்துக்கொண்டிருக்கிறான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். போர்ட் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் இந்த வருஷம்தான் சேர்ந்தான். இதுதான் சமயம் என்று நானும் பெரியம்மாவின் பேத்தியைக் கூப்பிட்டேன். உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “தேங்க்யூ சித்தி” என்றாள். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

பெரியம்மா பார்த்துவிட்டார்.

“ஐயோ, சித்திகிட்ட வாங்கக் கூடாதுடா கண்ணு. சித்தி இன்னும் செட்டல் ஆகல லா!”

சொல்லிக்கொண்டே பிள்ளையின் கையிலிருந்து உறையை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். அதோடு விட்டாரா? தன்னுடைய பச்சை உறை ஒன்றையும் கூடவே திணித்தார்.

“நீயும் வாங்கிக்கம்மா. ஒரு வேல, ஒரு கல்யாணம்னு ஆகுற வரைக்கும் நீயும் பிள்ளதானே.”

துளிக்கூட நக்கல் இல்லை. முழுக்கப் பாசம். நக்கலாக இருந்திருந்தால் சுடச்சுட பதில் கொடுத்திருப்பேன். பாசத்துக்கு என்ன பதில் சொல்வது? தினேஷ் சட்டென்று போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான். பாவம், என் முகத்தைப் பார்க்க அவனுக்கே கூச்சம்.

சமையலறை வாசலில் முறுக்குத் தட்டோடு நின்ற அம்மா, தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்.

“என்னக்கா நீங்க! அவளுக்குப் பெரிய கம்பெனில வேல கெடச்சிருச்சு. அடுத்த மாசம் சேரப் போறா.”

எனக்கே புதுச் செய்தி!

“அப்படியா? எந்தக் கம்பெனிம்மா?” என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் கெஞ்சின.

“இன்னும் சைன் பண்ணல பெரியப்பா... பண்ணிட்டுச் சொல்றேன்.”

பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, “சாமிகிட்ட வேண்டிக்கிட்டது வீண் போகல” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் மட்டன் பெரட்டலைத் தொடாமலே தட்டைக் கழுவப் போட்டேன்.

கேள்வி கேட்கிற சொந்தக்காரர்களை நாலு வார்த்தை திட்டி இந்தப் பத்தியை முடித்துவிடலாம். உங்களில் பலர் கைதட்டவும் செய்வீர்கள். ஆனால் உண்மை என்ன? அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறார்கள். நான் தினமும் பல் தேய்க்கும்போது கேட்டுக்கொள்கிறேன் – ‘முப்பது வரப்போகுதே, என்ன கிழிச்சே?’ கூடப் படித்தவள் செலாயாங்கில் கிளினிக் திறந்த போட்டோவுக்கு ஹார்ட் போட்டுவிட்டு, அன்று முழுக்கப் போனைக் கவிழ்த்து வைத்தவளும் நான்தான்.

திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் ஒரே ஜாம். நான் ஓட்டினேன். பக்கத்தில் அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யைப் பற்றிய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வெளியே பார்த்தபடியே அம்மா கேட்டார்.

“அடுத்த தீபாவளிக்கு நாம ரெண்டு பேரும் லங்காவி போயிரலாமா?”

லங்காவி ஒரு தீவு; அம்மாவுக்கோ கடலைப் பார்த்தாலே தலை சுற்றும். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃப்ளாட்டில், வருஷம் தவறாமல் தீபாவளிக்கு மறுநாள் கதவைத் திறந்து வைத்து, மாடி முழுக்கக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறவர் அவர். “போலாம்மா” என்றேன்.

இருபத்தொன்பது வயதுக்குள் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால், இனி என்னிடம் பதில் இருக்கிறது – தீபாவளி என்றால் உயிரை விடும் ஒரு மனுஷியை, தீபாவளிக்குப் பயந்து ஊரை விட்டு ஓட வைத்திருக்கிறேன்.