எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம்

ஆதிகேசவனுக்கு எதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் உண்டு. காலையில் பல்லைத் துலக்கி, டீயைக் குடித்து, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான் என்றால் நாலு நிமிஷத்துக்குக் குறைந்து கீழே வைக்கமாட்டான். 'ஏரிக்கரை நண்பர்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் நூற்றெண்பது பேர். அவர்கள் எல்லாருக்கும் அவன் குரல் போய்ச் சேரும். புதுப் படம் தேறுமா தேறாதா, நேற்று டிவியில் கத்திக்கொண்ட இரண்டு கட்சிக்காரர்களில் யார் அதிகமாகப் புளுகியது, அமெரிக்காக்காரன் ஏன் நம்ம ஊர் எறா என்கிற இறாலுக்கு வரி போடுகிறான், குவைத்தில் இன்றைக்கு வெயில் எத்தனை டிகிரி, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பான். இதையெல்லாம் அவனிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

படம் பார்த்துவிட்டா பேசுகிறான் என்றால் அதுவும் இல்லை. ஒரு நிமிஷ டீசரைப் பார்த்தே மூணு மணி நேரப் படத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுவான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிசாக்கவே கூடாது என்று ஒரு நாள் காலையில் முழங்கினான். சாயங்காலம் பழவேற்காடு கடைத்தெருவில், ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் காஜா மைதீன் கேட்டார்: "இன்னா கேசவா, உன் மச்சான் அங்கதான வேலைக்குப் போறான்?"

"நான் பொதுவா சொன்னேன் பாய்."

"பொதுவான்னா, யாருக்கும் இல்லாமலா?"

ஆதிகேசவன் பேச்சை மாற்றி ரீசார்ஜுக்குக் காசை நீட்டினான்.

வெளிநாட்டு விவகாரத்தில் அவன் இன்னும் மோசம். நாற்பத்தாறு வயதில் அவன் போன அதிகபட்ச தூரம் நெல்லூர், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. விமானத்தை அவன் பக்கத்தில் பார்த்ததில்லை. வழியனுப்பப் போனபோது மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் விட்டார்கள். அப்படிப்பட்டவன், "குவைத்ல ரோடு கீது பாரு, சோத்த கொட்டி சாப்டலாம்ப்பா" என்று பேசுவான். கேட்கிறவர்களுக்கு அவன் பத்து வருஷம் அங்கே இருந்துவிட்டு நேற்றுதான் இறங்கினான் என்று தோன்றும். குவைத்தில் இருப்பது அவன் இல்லை, அவன் பெண்டாட்டி சுகுணா. ஒரு வீட்டில் சமையலும் துணி வேலையும் பார்க்கிறாள். ஆறு வருஷம் ஆகிறது.

இதைக் கேட்டுவிட்டு சுகுணா ஒரு தடவை போனில் கேட்டாள்: "நான் எங்கய்யா ரோட்ட பாத்தேன்? சமையக்கட்டு ஜன்னல்ல பக்கத்து வூட்டு சொவுருதான் தெரியிது. நீ எந்த ரோட்ல சோத்த கொட்ன?"

அவனுக்கே தன் லட்சணம் தெரியும். சில நாள் தான் பேசியதைத் தானே போட்டுக் கேட்பான். 'இன்னா பீலாடா சாமி, வெக்கமே இல்லையா உனக்கு' என்று தன்னையே திட்டிக்கொள்வான். திட்டி முடித்ததும் இன்னொரு தடவை போட்டுக் கேட்பான்.

இந்தப் பழக்கம் தொடங்கியதே சுகுணாவால்தான். புயலில் படகும் கூரையும் ஒன்றாகப் போன வருஷம், வீடு கட்டியே தீருவது என்று அவள் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்துக் கிளம்பினாள். போன முதல் மாசம் அழுதாள். "அயன் பண்ணும்போது ஒண்டியா கீதுய்யா. ஏதாவது பேசி அனுப்பு. நம்ம ஊர்ல காத்து எப்டி அடிக்கிது, பக்கத்து வூட்டு ஆடு குட்டி போட்ச்சா, எதுனா." அவனும் அனுப்பினான். ஆடு இரண்டு குட்டி போட்டது, வாடைக்காற்று தொடங்கிவிட்டது, மடவை மீன் நன்றாக விழுகிறது, இப்படி. ஒரு நாள் அதில் ஒன்றை நண்பர்கள் குழுவில் போட்டான். பதினேழு பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். அவ்வளவுதான், மனுஷன் கெட்டான். ஆட்டுக்குட்டிக்குக் கைதட்டினவர்கள் அரசியலுக்கு இன்னும் தட்டுவார்களே என்று போகப் போக ஆட்டை விட்டான், காற்றை விட்டான், உலகத்தைப் பிடித்துக்கொண்டான். சுகுணாவையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டான். அவளுக்கென்று தனியாகப் பேசுவது மெல்ல நின்றுபோனது. அவள் குழுவில் ஒரு வார்த்தை பேசினதில்லை, ஆனால் எல்லாவற்றையும் கேட்டாள்.

வீடு போன வருஷம் முடிந்தது. டைல்ஸ் போட்ட தரை, மாடிப்படி, வாசலில் அவள் சொன்ன பச்சை நிறம். அந்த வீட்டில் அவள் ஒரு பொழுதுகூடத் தங்கினதில்லை. போனில் காட்டச் சொல்லிப் பார்ப்பாள். "அந்த மூலைல இன்னா குப்ப?" என்று அங்கிருந்தே கேட்பாள். அதைக்கூட அவன் காஜா மைதீனிடம் சொல்லிச் சிரிப்பான்.

இந்தப் புரட்டாசியோடு அவளுக்கு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி அந்த வீட்டு மேடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "வந்துடட்டா?" என்று சுகுணா மூன்று தடவை கேட்டுவிட்டாள். ஆதிகேசவன் ஒவ்வொரு தடவையும், "பாடு முடியட்டும், பாத்து சொல்றேன்" என்றான்.

பாடு என்பது ஊர் முறை. ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் எறா பிடிக்க இடங்கள் உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிப் பிரிக்கும். மூன்று வருஷம் ஓரத்து இடத்தில் அல்லாடிய ஆதிகேசவன் குடும்பத்துக்கு இந்த வருஷம் நடு இடம். நடு இடம் வந்தால் வருஷம் முழுக்கக் கவலையில்லை, சுகுணா தாராளமாக வந்துவிடலாம். அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கோயில் முன்னால் பெயரைக் கூப்பிடும்போது நேரில் நின்று, "கீறேன்" என்று சொல்லி, நாளுக்கான சீட்டை எடுக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்றால் அந்த வருஷத்து முறை போனது போனதுதான்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பாடு மட்டும் அவனைத் தடுக்கவில்லை. அவள் வந்துவிட்டால் 'குவைத் கேசவன்' என்று யார் கூப்பிடுவார்கள்? டீக்கடையில் யார் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள்? இந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கும். உடனே போனை எடுத்து அமெரிக்காக்காரனைத் திட்ட ஆரம்பித்துவிடுவான்.

பாடு பிரிக்க ஊர் கூடிய அன்று காலை ஒன்பது மணி. கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. பெயர் வாசிக்கிற கோபால் மைக் முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே ஒன்பது மணிக்குப் பார்த்து ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு டீசர் வந்து தொலைத்தது. அதில் அவர் மீனவர். பக்கத்தில் இருந்த பால்ராஜ் போனை நீட்டி, "கேசவா, இத்த பாத்தியா?" என்றான்.

பார்த்தான். நடிகர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் படகின் முனையில் நின்று, போர்வையை உதறுகிற மாதிரி வலையை வீசினார். ஆதிகேசவனுக்கு உடம்பெல்லாம் அபிப்பிராயம் ஊறியது. பட்டியலில் தன் பெயர் முப்பதுக்கு மேலே, இப்போதுதான் எட்டு ஓடுகிறது, நாலு நிமிஷத்தில் என்ன ஆகிவிடப்போகிறது? ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் காற்று மறைவாக இருந்தது. போய் நின்றுகொண்டான்.

"ஆதிகேசவன் பேசறேன்பா. இன்னிக்கு ஒரு டீசர் பாத்தேன், வயிறு எரியிது. வலைய அப்டி புடிச்சா மீனு வராது, சளிதான் புடிக்கும்..." படத்திலிருந்து தேர்தலுக்குப் போனான். தேர்தலில், ஓட்டுக் கேட்டு வரும்போது மட்டும் சேற்றில் கால் வைக்கிறவர்களைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினான். அங்கிருந்து குவைத். "அங்கல்லாம் இந்த மாரி ஏமாத்து வேல நடக்காது. ஆளுன்னா கூப்ட்ட கொரலுக்கு நிப்பான்" என்று முடித்தான். நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. அனுப்பிவிட்டு, வேட்டியைச் சரி செய்துகொண்டு, கைதட்டலை எதிர்பார்த்த முகத்தோடு திரும்பி வந்தான்.

கோபால் அவனைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "எங்க போன? பதினஞ்சு வூட்டு ஆளுங்கோ மொத்தமா வெளியூரு, பேர தாண்டி தாண்டி வந்துட்டேன். உன் பேர மூணு தபா கூப்ட்டேன்."

"ணோவ், இதோ பின்னாலதாண்ணா இருந்தேன்!"

"பின்னால இருந்தா, அது இருக்கறதுல சேராது."

அவன் கெஞ்சினான். கையைப் பிடித்தான். போன வருஷம் ஒருத்தன் ஆஸ்பத்திரியிலிருந்து தாமதமாக வந்து இப்படித்தான் முறையை இழந்தான். அப்போது, "ரூல்னா ரூலுதான்பா, ஆளப் பாத்து மாத்தினா ஊரு உருப்புடுமா" என்று ஆதிகேசவன் நாலரை நிமிஷம் பேசி அனுப்பியிருந்தான். அந்த ஆளே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான். போனை எடுத்து அந்தப் பழைய பேச்சைத் தேடிப் போட்டான். ஆதிகேசவனின் குரல் ஊர் நடுவே நியாயம் பேசியது. சின்னதாகச் சிரிப்புக் கிளம்பிப் பெரிசானது. நான் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி வைத்திருக்கிறேனே, என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா என்று அவனுக்கும் தோன்றியது.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாலம் தாண்டிக் காஜா மைதீன் கடைக்குப் போனான். முகத்தில் ஈயாடவில்லை. நடந்ததைச் சொல்லி, "பாய், சுகுணா கேட்டா சீட்டு சரியா வுழலன்னு சொல்லிடறேன். கெட்ட நாளு வந்துச்சுன்னு. அவளுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றான்.

காஜா மைதீன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "நீ அனுப்புனத நீ கேட்டியா?"

"இன்னிக்கு இன்னும் கேக்கல."

அவர் தன் போனில் போட்டார். ஆதிகேசவன் நடிகரைக் கிழித்துக்கொண்டிருந்தான். அவன் குரலுக்குப் பின்னால், மைக்கில் கோபாலின் குரல் தெளிவாகக் கேட்டது: "ஆதிகேசவன்." இவன் வலையைப் பற்றிப் பேசினான். "ஆதிகேசவன், ரெண்டாம் தபா." இவன் சேற்றில் கால் வைக்கிறவர்களிடம் போயிருந்தான். "ஆதிகேசவன், மூணாம் தபா. ஆளு இல்ல. அடுத்தது..." இவன் குவைத்துக்குள் நுழைந்தான்.

ஆதிகேசவன் பாய்ந்து தன் போனை எடுத்தான், அழிக்கலாம் என்று. யார் யார் கேட்டார்கள் என்ற பட்டியலில் முதல் பெயரே சுகுணா. அவள் கேட்டபோது அங்கே காலை ஆறரை மணி, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புக்கு அயன் போடுகிற நேரம். அவளிடமிருந்து ஒரு குரல் வந்து காத்திருந்தது. குழுவில் இல்லை, அவனுக்கு மட்டும். காஜா மைதீன் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். "இரு பாய், ஒண்டியா கேக்க பயமா கீது" என்று சொல்லி அவன் அதைப் போட்டான்.

"உன் பேர மூணு தபா கூப்ட்டாங்கோ. எனுக்கு குவைத்ல கேட்டுச்சு. பக்கத்துல நின்ன உனுக்கு கேக்கல." இஸ்திரிப் பெட்டி ஆவி விடும் சத்தம் கேட்டது. "நானும் மூணு தபா கேட்டேன், வந்துடட்டான்னு. நாளிக்கு மேடத்துக்கு பதில் சொல்லணும். சினிமாக்காரன் எப்டி வல வீசணும்னு சொல்ற. ஊரு ஒலகத்துல எல்லாத்துக்கும் ஒண்ணு சொல்ற. நான் வரணுமா வேணாமா? அதுக்கு இன்னாய்யா உன் அபிப்பிராயம்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

பேசுவதற்கு அழுத்தினான். "ஆதிகேசவன் பேசறேன்பா" என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. தூ என்று அழித்தான். மறுபடி அழுத்தி, பாடு முறையில் உள்ள குறைகளைப் பற்றி அரை நிமிஷம் பேசினான். அதையும் அழித்தான். மூன்றாவது தடவை அவள் பெயரைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. நாலாவது தடவை பேசினான்.

"சுகுணா, வந்துடு மே. பாடு போச்சு, என் வாயால போச்சு. பால்ராஜ் போட்ல கூலிக்குப் போறேன், கஞ்சி குடிக்கலாம். குவைத்த பத்தி நான் சொன்னதெல்லாம் பீலா. நீ அங்க கீறத வச்சி நான் இங்க பெரிய மனுசனாட்டம் திரிஞ்சேன். அந்த வூட்ல ஒண்டியா தூங்க முடியல மே. வந்துடு."

அனுப்புவதற்கு அவன் விரல் குழுவின் பெயரின் மேல் போய் நின்றது. காஜா மைதீன் பதறினார். "யோவ், அது குரூப்பு! நூத்தியெம்பது பேரு! பொஞ்சாதிக்கு தனியா அனுப்புயா!"

"தெரியும் பாய். உதார் வுட்டதெல்லாம் அங்கதான?" என்று சொல்லி அழுத்தினான்.

குழு அடங்கிக் கிடந்தது. கைதட்டும் பொம்மையில்லை, சிரிக்கும் பொம்மையில்லை. டீ வந்தது, ஆறியது. போச்சு, மானம் கப்பலேறியது, இனி எந்தக் கடையில் உட்காருவது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோது குழுவில் ஒரு குரல் வந்து விழுந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக சுகுணா அங்கே பேசியிருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம்பா, நான் சுகுணா. இந்த ஆளு சொன்னத நூத்தியெம்பது பேரும் கேட்டீங்கோ இல்ல? மேடத்துக்கு இப்பவே சொல்லிட்டேன், நான் போறேன்னு. நாளிக்கு மாத்தி பேசுனான்னா வுடாதீங்கோ."

ஆதிகேசவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தது. இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். மூன்றாவது தடவை போடப் போனபோது காஜா மைதீன் அவன் முதுகில் ஒன்று வைத்து, "போயி அந்த மூலைல கீற குப்பைய பெருக்கு, போ" என்றார்.