ஓவியர் வீட்டுச் சுவரில் என் மனைவி

இமயமலை ஏறியவர்கள் உண்டு. கடலைத் தாண்டியவர்கள் உண்டு. படத்தில் இருப்பது தன் மனைவிதான் என்று நிரூபிப்பதற்காகக் கே.கே. நகரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோ பிடித்த மாவீரன், எனக்குத் தெரிந்து, அடியேன் ஒருவன்தான்.

நடந்தது இதுதான். ஓவியர் பசுபதிநாதன் வாழ்ந்த அடையாறு வீட்டை நினைவில்லமாகத் திறந்திருக்கிறார்கள். அங்கே போன உறவுக்காரப் பெண் ஒருத்தி சுவரில் இருந்த ஓர் ஓவியத்தைப் போனில் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினாள். கல்யாணத்துக்கு முந்தைய கஸ்தூரி, அதாவது என் மனைவி, ஆள் உயரத்துக்கு நிற்கிறாள். கீழே பலகை: 'பாடும் பெண்'.

கஸ்தூரி ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி. அந்தக் காலத்தில் அடையாறு தெருக்களில் கூடையில் மீன் விற்றவள். ஓவியர் தன்னை வரைந்தார் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறாள். குப்பத்தில் ஒருவரும் நம்பியதில்லை. பலகையைப் பார்த்ததும் அவள் அண்ணி கேட்டுவிட்டாள்: "நீ எப்போடி பாட்ன? அது வேற எவளோ!"

அன்று இரவு எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது, அது வேறு விஷயம்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். சைதாப்பேட்டை வழியாக ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்று முப்பது.

"மியூசியத்துல இன்னா மாமா கீது?" என்றார் ஓட்டுநர்.

"நான் கீறேன் நைனா. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் கஸ்தூரி.

வீடு சிறியதுதான். எனக்கு அன்று அது மைசூர் அரண்மனையாகத் தெரிந்தது. நுழைவுச்சீட்டு முப்பது ரூபாய். முன்னறையில் ஓவியருடைய மூக்குக் கண்ணாடி, தூரிகைகள், நாற்பது நிறமும் சொட்டிய லுங்கி ஒன்று. தரையில் சிந்திய வண்ணத்தைக்கூடத் துடைக்காமல் மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். உள்ளறையில் அந்தப் படம். வலக்கை மேலே, இடக்கை இடுப்பில், வாய் அகலத் திறந்து, கண்ணில் தீ.

சுற்றிக் காட்டியவர் மயிலாப்பூரிலிருந்து வரும் சங்கீத டீச்சர். பத்துப் பேருக்கு உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தார். "கைய பாருங்கோ, தாளம் போட்டுண்டு நிக்கறா. மேல் ஸ்தாயில சஞ்சாரம். எனக்கென்னவோ இது தோடின்னுதான் தோணறது."

"எம்மா, அது நான். பாடல, திட்டிக்கினு கீறேன்" என்றாள் கஸ்தூரி.

பத்துத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு அவளே விளக்கினாள். போஸ் கொடுப்பவர்களை ஓவியருக்குப் பிடிக்காதாம். ஜன்னலோரம் உட்கார்ந்து வஞ்சிரத்தைக் கீரை விலைக்குக் கேட்பார். இவள் வெடிப்பாள். அவர் தலை நிமிராமல் கிறுக்கிக்கொண்டே இருப்பார். திட்டு தீர்ந்ததும் இவள் சொன்ன விலைக்கே கூடையோடு வாங்கிக்கொள்வார்.

டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மாமி, நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா இத்தனை வருஷம் ஆயிடுத்தே, முகத்த வச்சு எப்படிச் சொல்றது?"

"அப்ப மீனுக்கு வெல கேளு."

"நானா? ஐயோ, எங்காத்துல மீனே வாங்கினதில்லையே!"

"அதான் நல்லது. கேளு."

பாவம், டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு வஞ்சிரம்... பத்து ரூபாய்க்குத் தருவேளா?" என்றார்.

கஸ்தூரியின் வலக்கை எழுந்தது. இடக்கை இடுப்புக்குப் போனது.

"இன்னா, பத்து ரூபாயா? எங்கண்ணன் அலையில உசுர வச்சிப் புட்ச்சிக்கினு வந்தா, நீ நெழல்ல குந்திக்கினு கீரக்கட்டு வெல கேக்குறியா? போ, உம் பெயின்ட் டப்பாவ வறுத்துத் துன்னு!"

ஜன்னல்கள் அதிர்ந்தன. பெசன்ட் நகரில் அலைகள் பின்வாங்கின. இலங்கையில் யாரோ மீன் விலையைக் குறைத்ததாகக் கேள்வி. ஆனால் நான் சத்தியமாகப் பார்த்தது ஒன்று உண்டு: பத்துப் பேரும் சுவரைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள், மறுபடி சுவரைப் பார்த்தார்கள். அதே கை, அதே தாடை, அதே தீ. யாரோ கைதட்டினார். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்து, "தோடியே இல்ல மாமி, மன்னிச்சுக்கோங்கோ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை வருடமாக எனக்கு மட்டுமே கிடைத்துவந்த அந்தத் திட்டு ஒரு மேதை வேலை மெனக்கெட்டுத் தேடிய பொருள் என்று அன்றுதான் புரிந்தது. பெருமையில் என் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. தொப்பையால் என்பது வீட்டாரின் வதந்தி.

நிர்வாகத்தார் அடுத்த வாரம் கூப்பிட்டு, படத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார்கள். நான் காவியத் தலைப்புகள் பலவற்றை அடுக்கினேன். கஸ்தூரி போனைப் பிடுங்கி நான்கே சொல் சொன்னாள்.

போகிறவர்களுக்கு: திங்கள் விடுமுறை. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. செருப்பை வெளியே விட வேண்டும், தரை சுடும், பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். பேருந்தில் போவதானால் அடையாறு பணிமனையில் இறங்கிப் பத்து நிமிட நடை. உள்ளறைக்குப் போனதும் புதுப் பலகையை வாய்விட்டுப் படியுங்கள், அவள் அண்ணியே வந்து படித்துவிட்டாள்: 'கஸ்தூரி, ஊரூர் ஒல்காட் குப்பம்'.