தசரதன் தைத்த போர்வை

தையல் மெஷினை மிதிப்பதற்கு முன்னால் தசரதன் குனிந்து பெடலுக்கு அடியில் பார்ப்பான். அங்கே நாய் படுத்திருக்கும். "தாசில்தாரே, கொஞ்சம் நவுருங்க. வேல கீது." நாய் நகராது. ஒரு காலை மடக்கிக்கொண்டு மற்றக் காலால் மட்டும் மிதிப்பான். அதனால் ஜமுனாமரத்தூரில் அவன் தைத்த சட்டைகளில் எல்லாம் தோள்பட்டைத் தையல் நொண்டிக்கொண்டே போகும். தைக்கக் கொடுத்தவன் வாய் திறந்தால், "இன்னாடா, கல்யாண மாப்ளையா நீ?" என்று விரட்டிவிடுவான். மரியாதையெல்லாம் அவன் வளர்க்கிற ஜீவன்களோடு சரி.

எல்லாரையும் காக்க வைப்பதால் நாய்க்குத் தாசில்தார் என்று பெயர். காட்டிலாகா அதிகாரிபோல யார் கொல்லையிலும் கேட்காமல் நுழையும் வெள்ளாட்டுக்கு ரேஞ்சர். இவை போக இரண்டு பூனைகள், கட்டிலுக்கு அடியில் அடைகாக்கும் ஒரு கோழி, சிறகு முறிந்த மைனா ஒன்று. ஒன்றரை அறை வீட்டில் இத்தனைக்கும் இடம் உண்டு. கோழிக்கு அடைகாக்கத் தெரிந்ததைக்கூடத் தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததுபோல் பேசுவான்.

இடம் போதாமல் போனது அவன் மனைவி அம்சவல்லிக்குத்தான். போன மார்கழியில், மலையே விறைத்துக் கிடந்த ஒரு விடியற்காலை, அவள் போர்த்தியிருந்த கம்பளியை உருவிச் சினையாக இருந்த ரேஞ்சர்மேல் போட்டான். அவள் எழுந்து கேட்டதற்கு, "நீ அடுப்பாண்ட போய்க் குந்திக்கலாம். அதுக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா?" என்றான். நியாயம் பேசிவிட்ட திருப்தியில் திரும்பிப் படுத்துத் தூங்கியும் போனான். விழித்தபோது அடுப்பும் எரியவில்லை, அவளும் இல்லை. முதல் பஸ்ஸில் செங்கத்துக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

காஜா எடுப்பது, பித்தான் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அவள் வேலை. "சும்மா கை வேல" என்பான் அதை. அவள் போன பிறகு பித்தான் இல்லாத டெரிகாட்டன் சட்டைகள் கடையில் குவிந்தன. ஊரில் பாதி ஆம்பளைகள் மார்பில் ஊக்குக் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அப்போதுதான் அவனுக்கு மனைவியின் அருமை உறைத்தது. நேரில் போய்க் கூப்பிட மீசை இடம் கொடுக்கவில்லை. நல்ல போர்வை ஒன்று தைத்துக் காட்டினால் வந்துவிடுவாள் என்று முடிவு கட்டினான்.

எண்ணம் நல்லதுதான். அதில் என்ன தைத்தான் என்று பார்த்தால்தான் தசரதன் யாரென்று தெரியும். துண்டுத் துணிகளை வெட்டி ஒட்டி, நட்ட நடுவில் ரேஞ்சரை நிறுத்தினான். மூலைகளில் நாயும் கோழியும் இரண்டு பூனைகளும். ஆட்டின் தலைக்கு மேலே முறிந்த சிறகோடு மைனா. அவனுக்கு வெட்டத் தெரிந்தது டவுசரும் காலரும் மட்டும். ஆகவே ஆடு டவுசர் போட்டிருந்தது; பூனைகளுக்குக் காது இருக்கவேண்டிய இடத்தில் காலர் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எந்த ஆட்டுக்காக ஒருத்தி வீட்டைவிட்டுப் போனாளோ, அந்த ஆட்டையே தூது அனுப்புகிறோம் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

சந்தைக்கு வந்த குப்பம்மா கோழியின் வாலைப் பிடித்துப் பார்த்தாள். "யோவ் டைலரு, இது என் ரவிக்கத் துணி. துணி பத்தலன்னு கையக் குட்டையா தச்சிக் குடுத்தியே?"

"உன் கையவிட கோழிக்கு வாலு முக்கியம்."

"இதக் காட்டியா பொண்டாட்டியக் கூப்புடப் போற? வெளங்கிடும் போ."

செங்கம் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினான்: "போர்வ ரெடி. வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு."

அடுத்த சந்தை நாளில் அம்சவல்லி வந்து இறங்கினாள். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவள் கடைக்குள் வந்து போர்வையை விரித்துப் பார்த்தாள்.

"எனக்கா?"

"பின்ன யாருக்கு?"

"இதுல நான் எங்க கீறேன்?"

"போத்திக்கிறவள யாராவது போர்வையில தைப்பாங்களா?" என்று சிரித்தான். இதைவிடச் சாமர்த்தியமான பதிலை அந்த மலையில் எவனும் சொன்னதில்லை என்பது அவன் நினைப்பு.

"ஆடு இன்னும் வூட்டுக்குள்ளதான் படுக்குதா?"

"குட்டி போட்டுட்டுது, ரெண்டு," என்றான் பெருமையாக. "கட்டில்மேல வுட்டிருக்கேன். தரை குளுருதில்ல."

அம்சவல்லி போர்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்று சில்லென்று அடித்தது. போர்வையைப் பிரித்துப் போர்த்திக்கொண்டாள். டவுசர் போட்ட ரேஞ்சர் அவள் தோளில் ஏறி நின்றது.

தசரதன் பின்னாலேயே ஓடிவந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான். எறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிரைவர் வந்து இன்ஜினை உறுமவிட்டார். தசரதனின் கண் அவள் முகத்தில் இல்லை, ஜன்னலுக்கு வெளியே தொங்கிய போர்வையின் ஓரத்தில் இருந்தது.

"கையத் தூக்கு," என்றான்.

அவள் தூக்கினாள். அவன் நுனிக்காலில் எம்பி, தையல் முடிந்த இடத்தில் தொங்கிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.