லிசியேயில் நான் தொலையவில்லை: ஒரு நடுக்கள ஆட்டக்காரரைப் பார்க்கப் போன பயணம்

லா சப்பல் தமிழ்க் கடைகளில் ஒரு மாதமாக ஓடும் கதையை முதலில் திருத்துகிறேன். யாத்திரைக்குப் போன இடத்தில் நான் தொலைந்துபோகவில்லை. நினைவும் தடுமாறவில்லை. எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டே போனேன். பஸ்தான் என்னை விட்டுவிட்டுப் போனது.

மே மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் ஆட்கள் யாத்திரைத் தலமான லிசியே பசிலிக்காவுக்குப் பஸ் பிடித்தார்கள். ஏறக்குறைய 190 கிலோமீற்றர். சோற்றுப் பொதியுடன் ஆளுக்கு 35 யூரோ. அதே நாள் மூன்று மணிக்கு, பசிலிக்காவிலிருந்து ஆறு கிலோமீற்றர் தள்ளி ஒரு சிற்றூர் உதைபந்தாட்டக் கழகத்தில், என் கீழ்வீட்டு இப்ராஹிமாவுக்குத் தேர்வு ஆட்டம். அதனால்தான் பதிந்தேன். பக்தியும் இருந்தது; மறுக்கவில்லை.

இப்ராஹிமா மாலி நாட்டவர். பத்தொன்பது வயதில் பமாக்கோவிலிருந்து வந்து, பிரான்சின் இரண்டாம் பிரிவில் நான்கு பருவங்கள் நடுக்களத்தில் ஆடியவர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் பெல்ஜியத்தில் இரண்டு பருவங்கள், பிறகு அதற்கும் கீழே. இப்போது முப்பத்துமூன்று வயது. இந்தக் கழகமும் எடுக்காவிட்டால் பந்து முடிந்தது. ஒபர்வில்லியே பண்டகசாலையில் பெட்டி தூக்க வேண்டியதுதான். "என் ஆட்டத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை, மதாம்" என்று படிக்கட்டில் சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஆறு மணிக்கென்ற பஸ் ஏழு இருபதுக்குப் புறப்பட்டது. ஒருவர் இடியப்பம் எடுக்கப் போயிருந்தார். இன்னொருவர் அவரைத் தேடப் போயிருந்தார். பூசையும் சாப்பாடும் முடிந்ததும் பஸ் பொறுப்பாளர் மரியதாசிடம் விபரம் சொன்னேன்.

"பந்தடியோ? ஆர் அன்ரி, உங்கட பேரனோ?"

"கீழ்வீட்டுப் பிள்ளை. ஐஞ்சரைக்கு இஞ்சை நிப்பன்."

"ஓம் அன்ரி, நீங்கள் இல்லாமல் பஸ் அசையாது."

வாடகைக் காருக்கு 16 யூரோ. மைதானத்தில் கூரை இல்லை, குடை அவசியம்.

கொன்வென்ற் பள்ளிக்கூட நெற்போல் அணியில் நான் சென்ரர், நடு ஆட்டக்காரி. அந்த இடத்தில் நிற்பவள் கூடைக்குள் பந்து போட முடியாது. வாங்குவதும் கொடுப்பதுமே வேலை. ஆகவே நடுக்களத்தை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் நின்றவர் இப்ராஹிமாவைக் காட்டி முயன்றார்.

"அந்த எட்டாம் இலக்கம் ஓடுவதே இல்லை, மதாம்."

"பந்து வரப்போகும் இடத்தில் முதலே நிற்கிறார், முசியே. பிறகு எதற்கு ஓட வேண்டும்?"

இப்ராஹிமாவின் அணி போட்ட இரண்டு கோல்களும் அவர் காலில் தொடங்கியவை. அறுபதாவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, முடியும்வரை மற்றவர்களுக்கு இடம் காட்டிக் கத்திக்கொண்டே இருந்தார்.

"முடிவை இந்த வாரம் சொல்லுவோம்" என்றார் பயிற்றுநர்.

"எந்த நாள்?" என்றேன்.

"நீங்கள் இவருடைய முகவரா?"

"முகவருக்கு இவ்வளவு கண்டிப்பில்லை" என்றார் இப்ராஹிமா. "இவர் மேல்வீட்டு மதாம்."

ஐந்து இருபதுக்கு இருவரும் பசிலிக்காவுக்கு வந்தோம். தரிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. மரியதாசை அழைத்தேன்.

"அன்ரி, எங்கை நிக்கிறியள்? உங்களைக் காணேல்லையெண்டு பஸ்சிலை எல்லாரும் அந்தோனியாரை மண்டாடிக்கொண்டு போறம்."

"அந்தோனியாரைக் கரைச்சல்படுத்தாதை, மரியதாஸ். நான் சொன்ன இடத்திலை, சொன்ன நேரத்துக்கு முதலே நிக்கிறன்."

"ஐயோ அன்ரி, நாங்கள் ஒட்டோறூட் பெருந்தெருவிலை ஏறிட்டமே."

காணாமற்போன சாவிக்கு அந்தோனியாரிடம் செபிப்பது எங்கள் வழக்கம். சாவி வாய் திறந்து சொல்லிவிட்டுப் போனதில்லை. நான் சொல்லிவிட்டுப் போனேன்.

இப்ராஹிமாவுடன் ரயிலில் திரும்பினேன். எங்கள் சேன்-லசார் நிலையம் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம், 33 யூரோ. போகிறவர்கள் ரயிலிலேயே போங்கள்; ஞாயிறுகளில் வாடகைக் கார் அரிது, சாரதியின் இலக்கத்தை வாங்கி வையுங்கள். ரயிலில் அவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "மதாம், நான் மெதுவாகிவிட்டேனா?" என்றுதான். கால் மெதுவாகிவிட்டது, கண் ஆகவில்லை என்றேன். உண்மை அதுதான்.

நான்கு வாரமாகிறது. அந்தக் கழகத்திலிருந்து ஒரு சொல் இல்லை. இரண்டு முறை அழைத்தேன். பிறகு எடுக்கச் சொன்னார்கள். இப்ராஹிமா இன்னும் காலையில் மழையென்றாலும் ஓடப் போகிறார். பண்டகசாலை வெள்ளிக்கிழமைவரைதான் காத்திருக்கும். இல்லை என்ற பதில் வந்தால் அவர் அங்கே போய்விடுவார். அதைக்கூடச் சொல்லாமல் ஒரு மனிதரை இப்படி ஓடவிடுவது எந்த ஊர் மரியாதை?

பயிற்றுநர் ஐயா, இதே வரிகளைப் பிரெஞ்சில் உங்கள் கழகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். எடுக்கிறீர்களா, இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்கு முன் இப்ராஹிமாவுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.