விழுப்புரம் வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்கள்

மாப்பிள்ளை கூடத்தின் நடுவில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இரண்டு பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றிப் போட்டிருக்கிறார். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன யாரோ ஒருவரிடம் வாங்கினாராம். பெட்டிகளுக்கு அவரைவிட வயது அதிகம். ஞாயிற்றுக்கிழமையானால் குளிக்காமல்கூட அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடமாடுகிறாள்.

இன்று காலையில் எதையோ பற்றவைத்தார். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஈயம் உருகுகிற புகை மெல்ல உள்ளே வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. "நாத்தம் தாங்கலியா அத்தை? ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு அது நாற்றம். எனக்கு, கல்யாணமான புதிதில் குடியிருந்த வீட்டின் வாசனை. மல்லிகைப்பூ வாசனை என்று சொல்லத்தான் ஆசை. என்ன செய்வது, என் நினைவில் இருப்பது ஈயப்புகையும் நிலக்கரிப்புகையும்தான்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வீடு. என்ஜின் கரி எல்லாவற்றிலும் படியும். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். தயிர்ச் சட்டியைத் திறந்து வைத்தால் மேலே கருப்பாக மிளகுத்தூள் தூவியதுபோல் இருக்கும். ஊரிலிருந்து வந்த என் அம்மா ஒருமுறை அதை மிளகு என்றே நினைத்துச் சாப்பிட்டுவிட்டாள். நானும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு சிக்னல் பிரிவில் வேலை. தண்டவாளத்தை ஒட்டிப் போகிற கம்பி, தந்திக் கருவி, டெலிபோன், எது கெட்டாலும் இவர் போய்ப் பார்க்க வேண்டும். இன்றைக்கு விக்கிரவாண்டி, நாளைக்கு மயிலம், மறுநாள் திண்டிவனம் தாண்டி எங்கேயோ. பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவரும் ஈயக்கம்பியும் இருக்கும். அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே அன்றைக்கு எந்த ஸ்டேஷனில் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஒன்றிரண்டு வார்த்தையும் நின்றுபோனது எங்கள் முதல் குழந்தை போன பிறகு.

பெண் குழந்தை. தவழ ஆரம்பித்திருந்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று அவளைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்குப் போயிருந்தேன். ஊருக்கு வெளியே, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைக்கு நடுவே எங்கள் அப்பா வீடு. அங்கே ஜுரம் வந்தது. டாக்டரிடம் ஓடினோம், மருந்து கொடுத்தார், இறங்கவில்லை. அப்பா ஸ்டேஷனுக்குப் போய், ரயில்வே போனில் இவருக்குச் சேதி சொல்லச் சொன்னார். இவர் வந்து சேர்ந்தது மறுநாள் காலையில். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விழுப்புரத்துக்குத் திரும்பிய பிறகு வீட்டில் யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. தூளி கட்டியிருந்த கயிற்றை அவர் எப்போது அவிழ்த்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. சாப்பாடு வைப்பேன், சாப்பிடுவார். 'போதும்', 'வர்றேன்', 'கதவைச் சாத்திக்கோ.' ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அவர் லைனுக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. பகலெல்லாம் வண்டி வருவதும் போவதும் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த வண்டி எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். யாரிடம் சொல்வது?

என் அப்பா ஒருநாள் வந்தார். என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "பொங்கலுக்கு முன்னாடி வர்றேன். பெட்டியைக் கட்டி வை. கொஞ்ச நாள் நம்ம வூட்ல வந்து இரு" என்றார். கொஞ்ச நாள் என்று அவர் சொன்னாலும், போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சரி என்றேன். இவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்பீக்கர்கள் வந்தன. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு பாண்டிச்சேரியில் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில், அலமாரி, நாற்காலி என்று போட்டுவிட்டுப் போன சாமான்கள் எங்கெங்கோ அலைந்தன. இவர் பாண்டிச்சேரி பாசஞ்சரில் இரண்டு மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து, தள்ளுவண்டியில் வைத்து வீட்டு வாசலில் இறக்கினார். இடுப்பு உயரம். முன்பக்கம் துணி கட்டியிருந்தது. எனக்கு ரொம்ப நாளாகத் துணி வைக்க ஒரு பீரோ வேண்டும் என்று ஆசை. பின்பக்கம் பார்த்துவிட்டு, "தட்டே இல்லியே, புடவையை எப்படி அடுக்கறது?" என்று கேட்டேன். மாதக்கணக்கில் முதல்முறையாக அவர் உதடு லேசாக அசைந்தது. "இது ஸ்பீக்கரு" என்றார்.

ஒன்றுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. இன்னொன்றின் அடிப்பலகையைச் செல் அரித்திருந்தது. உள்ளே புனல் மாதிரி கறுப்புக் காகிதம் இருக்குமே, இரண்டிலும் அது கிழிந்து தொங்கியது. டூட்டி முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. மனுஷியைப் பார்க்க நேரம் இல்லை, இந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாரே என்று. பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகப் போடுவேன். திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஒரு மாலை காபி கொண்டுபோனேன். கிழிந்த காகிதத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றை ஒட்டினால் இன்னொன்று நழுவியது. நெற்றி வேர்வை எங்கே காகிதத்தில் சொட்டிவிடுமோ என்று தலையைச் சாய்த்துக்கொண்டு தவித்தார். "இதைக் கொஞ்சம் புடி" என்றார்.

பிடித்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மறுநாளும் போய் உட்கார்ந்தேன். கிளறிய மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் பூச்சி வராது என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் புத்தகத்துக்கு அட்டை போடும்போது கற்றது. என் படிப்பில் உருப்படியாக மிஞ்சியது அது ஒன்றுதான். போட்டுப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு காகிதம் ஒட்டுவதெல்லாம் என் வேலையாகிவிட்டது. கம்பியும் ஈயமும் அவருடையது. 'அந்தப் பக்கம் திருப்பு', 'காயட்டும்', 'இன்னும் மெல்லிசா வெட்டு' என்று பேச்சு கொஞ்சம் வளர்ந்தது. எல்லாம் ஸ்பீக்கரைப் பற்றித்தான்.

முன்பக்கத்துக்குப் புதுத் துணி வேண்டியிருந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலேயே அவளுடைய சட்டைகள், மடித்தது மடித்தபடி. மூடிவிட்டு, நான் தினமும் உடுத்துகிற மெல்லிய வாயில் புடவைகளில் ஒன்றைக் கொண்டுவந்து கிழித்தேன். அவர் டிரங்குப் பெட்டியையும் பார்த்தார், என் கையையும் பார்த்தார். ஆணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார்.

திண்டிவனத்தில் பாஷா பாய் என்று ஒருவர் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் மைக் செட் கட்டுகிறவர். இவருக்கு லைனில் போய்வந்து பழக்கம். பொங்கலுக்குச் சில நாள் முன்னால் ஆம்ப்ளிஃபையரையும் மைக்கையும் அவரே கொண்டுவந்து, ஒயரை இணைத்துக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். ஜல்தியாகப் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னார். அடுத்த கல்யாணம் காத்திருந்தது.

மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்தில் இருந்தால் வீல் என்று கத்தும். அதனால் நீளமான ஒயரோடு மைக்கை என் கையில் கொடுத்துச் சமையலறைக்கு அனுப்பினார். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். "ரெண்டும் ஒரே மாதிரி பேசுதான்னு பாக்கணும். நிறுத்தாம பேசிக்கினே இரு."

என்ன பேச என்று கேட்டேன்.

"எதையாவது பேசு."

ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் என் குரல் பெரிசாகக் கேட்டது. அது என் குரல் மாதிரியே இல்லை. வேறு யாரோ பொம்பிளை, தைரியமானவள். அடுப்பில் உலை இருக்கிறது என்றேன். கத்தரிக்காய் சொத்தை என்றேன். வியாழக்கிழமை அப்பா வருகிறார் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நிறுத்தாமல் பேசச் சொல்லியிருக்கிறாரே. வாயில் வந்துவிட்டது.

"அம்சா" என்றேன்.

கூடம் முழுவதும் அந்தப் பேர் கேட்டது. பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "அம்சாவுக்கு ஜுரம்னு சேதி வந்துதே, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க? ஏன் வரல?"

ஸ்பீக்கரில் கொய்ங் என்ற இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மைக் என் கையில் இருந்தது. அவர் பதில் சொன்னாலும் எனக்குக் கேட்காது. உலை பொங்கி வழிந்தது. கதவு திறந்தது. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"மயிலத்துல இருந்தேன்" என்றார். "சேதி அப்பவே வந்துட்டுது. சாயங்கால வண்டி வந்து நின்னுது. நான் ஏறல. பெஞ்சுல உட்காந்துக்கினே இருந்தேன். வந்து பாக்கறதுக்கு பயமா இருந்துது."

டூட்டியிலிருந்து அவரை விடவில்லை என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகவே ரயில்வேயை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள். அந்த வண்டியில் வந்திருந்தால் அவளை உயிரோடு பார்த்திருப்பார். எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் தரையில் வழிந்த கஞ்சியை அவர் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

அவளுடைய கடைசி ராத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டார். யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சொன்னேன். மருந்தைத் துப்பியது, என் தாலிக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டது, விடியும்போது அழுகை மெலிந்துகொண்டே போனது, எல்லாம். மைக்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னேன். சோறு குழைந்துபோயிருந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை அப்பா வந்தபோது, நான் வரவில்லை என்று சொன்னேன். அவர் கூடத்தில் நின்ற பெட்டிகளைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை. கொண்டுவந்த மல்லாட்டைப் பையை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். என் வீட்டுக்காரரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சில நாட்களில் மயிலம் என்ற பேரைக் கேட்டாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். அவரும் பின்னால் வரமாட்டார். ஆனாலும் மாலையில் செருப்பைக் கழற்றும்போது மறுபடி ஒன்றிரண்டு வார்த்தை வர ஆரம்பித்தது. எப்போதாவது, அந்தப் பெட்டிகளில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது, "அம்சா இருந்தா இப்ப நடப்பா" என்பார். சில வருஷம் கழித்து, "பள்ளிக்கூடம் போவா." அவளுக்குப் பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் எதிரில் அதைச் சொன்னதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான பேச்சாக இருந்தது.

அந்த ஸ்பீக்கர்கள் எப்போதோ ஒரு மாற்றலில் போயின. கரி வண்டிகள் போயின. அப்பா, அம்மா, பாஷா பாய் எல்லோரும் போனார்கள். அவர் போய்ப் பத்து வருஷத்துக்குமேல் ஆகிறது. பிள்ளைகளுக்கு அவளைப் பற்றித் தெரியும், முன்னால் ஒரு குழந்தை தவறிப்போனது என்ற அளவில். போட்டோ எடுக்கவில்லை. அம்சாவின் அழுகை எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

திண்டிவனத்துக்கு வெளியே, பெரிய ரோட்டை ஒட்டி ஒரு பனைமரத்தடியில்தான் அவளை மண்ணில் வைத்தார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது பனைமரங்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். போன வருஷம் மகளோடு காரில் அந்த வழியாகப் போனேன். ஒரு மேம்பாலத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, "இங்கதாம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டி தாண்டிவிட்டது.