ஐந்தரை மணித்தியால விடுப்பு: திருகோணமலையில் தங்கச்சியோடு ஒரு நாள்

இந்த வருடம் மழை விட்ட கையோடு, ஒரு வெள்ளிக்கிழமை, நானும் அம்மாவும் மட்டக்களப்பில் திருகோணமலை பஸ் ஏறினோம். தங்கச்சி சுகந்தி கடற்படையில் சேர்ந்து அடிப்படைப் பயிற்சியை முடித்திருந்தாள். சனி காலை அணிவகுப்பு, அதன்பின் மாலை ஐந்து மணிவரை வீட்டாருடன் வெளியே போக அனுமதி. ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர்தான் வரலாம். அம்மாவும் அப்பாவும் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டார். முதுகு நோகிறது, அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க ஏலாது என்றார். அன்று காலையில்தான் அவர் கிணற்றடிக்குச் சீமெந்து மூட்டை தூக்கினார்.

எனக்குப் போக விருப்பமில்லை. நாலு வருடத்துக்கு முன் அதே கடற்படைக்கு விண்ணப்பித்தவன் நான். ஓட்டம், நீச்சல், எழுத்துப் பரீட்சை எல்லாம் சரி. கடைசியாக, வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் திறந்து என்ன இலக்கம் தெரிகிறது என்று கேட்டார்கள். எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் என் கண்ணுக்குப் பிரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியவந்தது. வீட்டில் வந்து, உயரம் காணாதாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு சுகந்தி விண்ணப்பித்ததும், கடிதம் வரும்வரை என்னிடம் சொல்லாமல் இருந்ததும், அதன்பின் நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டும் கதைத்ததும் நடந்தன.

பஸ் 11.40க்கு எடுத்தது. ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீற்றர். வாகரையில் தேநீருக்கு நின்றதையும் சேர்த்து மூன்று மணி ஐம்பது நிமிடம். இடப்பக்க யன்னலில் வெயில் விழும், வலப்பக்கம் இருங்கள். அம்மா மடியில் தயிர்ச்சட்டியை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தா. வெருகல் பாலத்தைத் தாண்டியபின் வயலும் நீரும் வானமும் ஒரே வெளிச்சமாகிவிட்டன. எது எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே அரைத்தூக்கத்தில் போனேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பஸ் உருளுகிறதா மிதக்கிறதா என்று ஒரு கணம் பிடிபடவில்லை.

உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்தோம். மின்விசிறி அறை, இரண்டு கட்டில், ஒரு இரவுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். சனி காலை 6.15க்கு ஓட்டோ வரச்சொல்லியிருந்தோம். ஓட்டோக்காரர் கிண்ணியா ஆள், நடுத்தர வயது. இப்படிப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களை நிறையப் பேரை ஏற்றி இறக்கியிருக்கிறாராம். எங்களைக் கண்டதும் முதலில் கேட்டது கைத்தொலைபேசியைப் பற்றி.

"போனை ரூமிலேயே வெச்சிட்டு வாங்க தம்பி. கேற்றில குடுத்துத் திருப்பி எடுக்கவே அரை மணித்தியாலம் போயிரும். அது புள்ளையோட இருக்கிற நேரம்."

வைத்துவிட்டு வந்தோம். அதனால் இந்தப் பதிவில் அணிவகுப்புப் படம் ஒன்றும் இல்லை. நகருக்குள் போகும் வழியில், கடற்கரைப் புல்லில் மான்கள் படுத்திருந்தன. விடியல் பனிப்புகாரில் அவற்றின் காதுகள் மட்டும் அசைந்தன.

அடையாள அட்டை பார்த்து, பையைத் திறந்து, தயிர்ச்சட்டியையும் திறந்து பார்த்து, 7.30க்கு எங்களை இருத்தினார்கள். மைதானத்துக்கு அப்பால் துறைமுகம் கண்ணாடிபோல் கிடந்தது. எட்டரைக்கு வெள்ளை உடையில் வரிசைகள் வந்தன. எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே நடை, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் ஒரே வெள்ளை. எங்கள் பிள்ளை அதற்குள் எங்கேயோ கரைந்துவிட்டிருந்தாள். கட்டளைகள் எல்லாம் சிங்களத்தில். அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திடீரென்று என் கையைப் பிடித்து, மூன்றாம் வரிசையில் கடைசியாக நிற்பவள்தான் என்று சொல்லி அழத் தொடங்கினா. நானும் அவளையே பார்த்தேன். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு சிங்களத் தாயும் அதே பக்கம் பார்த்து அழுதுகொண்டிருந்தா.

முடிந்ததும் அந்தப் பிள்ளை ஓடிவந்து முன்னாலிருந்த தாயைக் கட்டிப்பிடித்தாள். அம்மா விறைத்துப்போய் நிற்க, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, நான் இஞ்ச நிக்கிறன்."

மெலிந்து, கறுத்து, முகம் நீண்டிருந்தாள். இருபது நிமிடமாக வேறு யாருடைய பிள்ளைக்கோ அழுத கதையை அம்மா ஒப்புக்கொள்ள, சுகந்தி சிரித்த சிரிப்பு மட்டும் பழையது.

11.30க்கு வெளியே விட்டார்கள். நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன்: கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, பிறகு கடற்கரை. ஓட்டோவில் ஏறியதும் அவள், அறைக்குப் போவமா என்று கேட்டாள். போனோம். சோறும் தயிரும் சாப்பிட்டாள். சப்பாத்தைக் கழற்றி, தொப்பியை மேசையில் கவனமாக வைத்து, அம்மாவின் கட்டிலில் ஒருக்களித்தாள். ஒரு மணிக்குத் தூங்கியவள் மூன்றரை வரை அசையவில்லை.

முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. இருக்கிறதே ஐந்தரை மணித்தியாலம். எழுப்பவா என்று கேட்டேன். அம்மா உதட்டில் விரல் வைத்தா. மின்விசிறி சுற்றியது, வெளியே கடல் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. பாதங்களில் சப்பாத்துக் கடித்த தழும்புகள். அம்மா அவற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தா. நானும் பார்த்தேன். அந்தத் தழும்புகள் என்னுடையவையாக இருக்கவேண்டும் என்று இத்தனை காலம் நினைத்து வந்திருக்கிறேன். அன்று அவை அவளுடையவையாகத் தெரிந்தன.

நாலு மணிக்குத் துறைமுகக் கரைக்கு வந்தோம். அம்மா சற்றுத் தள்ளி ஒரு மரநிழலில் இருந்தா. வெயில் சாய்ந்து, மலைகள் நீலமாகித் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. சுகந்தி நீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணா, எனக்கும் அந்தப் புள்ளிப் புத்தகத்தைத் திறந்து காட்டினவங்க. எட்டு எண்டு சொன்னனான். சொல்லக்குள்ளயே உங்கட நினைவு வந்திற்று."

அவளே தொடர்ந்தாள்.

"சின்னனில எனக்குப் பச்சை ரிபன் எண்டு சிவப்பு வாங்கி வந்தனீங்க. எனக்கே உயரம் காணுமெண்டா உங்களுக்குக் காணாதா?"

"ஏன் கேக்கல்ல?"

"நீங்களா சொல்லுவீங்க எண்டு இருந்தன்."

நீரில் ஒரு மிதவை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அது வெறும் கருமை. அது என்ன நிறம் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவரிடம் அப்படிக் கேட்டேன்.

"சிவப்பு. நிறத்தை விடுங்க, தலையைப் பாருங்க. தகரப் பேணி மாதிரித் தட்டையா இருந்தா சிவப்பு. உள்ள வாற கப்பல் அதை இடப்பக்கம் விட்டு வரோணும். கூரா இருந்தா பச்சை. அது வலப்பக்கம்."

தூரத்தில் இன்னொன்று. கூர் என்றேன். ஓம் என்றாள். அதற்கு அங்கால் தட்டை. ஓம். அதற்கும் அங்கால் ஒன்று. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கூர், பச்சை என்றேன். ஓம் அண்ணா என்றாள். அந்த நேரத்தில் ஒரு வள்ளம் உள்ளே வந்தது. எந்த வழியால் வரப்போகிறது என்று முன்கூட்டியே எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியே வந்தது.

பிறகு எழும்பிப்போய் அம்மாவிடம், உயரமில்லை அம்மா, கண்தான் என்று சொன்னேன். அம்மா என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி இரண்டு கண்ணையும் மாறிமாறிப் பார்த்தா.

"நோகுமா மகன்?"

"இல்லம்மா."

4.50க்கு வாசலில் விட்டோம். உள்ளே போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முதலே சொல்லியிருந்தாள்.

போகவிருப்பவர்களுக்குச் சில விடயங்கள். ஒரு நாள் முந்திப் போங்கள். காலை பஸ்ஸை நம்பினால் அணிவகுப்பு தவறும். எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள், எத்தனைக்குத் திரும்பவேண்டும் என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள்; ஒவ்வொரு தொகுதிக்கும் மாறலாம். இருட்டாக்கக்கூடிய, கட்டில் உள்ள ஒரு அறை கட்டாயம். தயிர் கொண்டுபோகலாம். சுற்றுலாத் திட்டம் வேண்டாம், அவர்களைத் தூங்க விடுங்கள். பக்கத்தில் இருப்பதும் பார்க்கப் போனதில் சேர்த்திதான்.

அதே வாசலில் ஒருகாலம் திருப்பி அனுப்பப்பட்டவர் யாராவது இதை வாசித்தால், பார்க்க வருகிற இரண்டு பேரில் உங்கள் பெயரும் இருந்தால், நீங்களும் போங்கள். நான் ஞாயிறு காலை 6.30 பஸ்ஸில் திரும்பினேன். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினா. வழிமுழுக்க நான் விழித்திருந்தேன், தூங்க மனம் வரவில்லை.