சுருளுக்கு மேலே ஒரு பொட்டு

எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பெண் ஓர் ஓவியர். நைஜீரியாவின் இக்போ இனத்தவர். அவருடைய முதல் கண்காட்சிக்கு மூன்று படங்கள் தேர்வாகியிருந்தன. அந்த நேரம் பார்த்து அவர் வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்ததால், அவற்றில் பெரியதை என்னிடம் கொடுத்து வைத்தார்.

படத்தில் அதிகம் ஒன்றுமில்லை. பூச்சுப் பூசாத துணி. இடது மூலையில் கரிய சுருள் ஒன்று, அதன் கீழே மெல்லிய கோடுகள் மூன்று. மீதி முழுக்க வெறுமை. அவருடைய ஊரில் பெண்கள் செடிச் சாற்றால் உடம்பிலும் மண் சுவரிலும் வரையும் ‘உலி’ என்ற கோலத்திலிருந்து எடுத்தவை அவை. அந்தச் சுருள் ஒரு மலைப்பாம்பு. தனக்குக் கஷ்டமாக இருந்தது கோடுகள் அல்ல, அந்த வெறுமைதான் என்றார்.

ஹீற்றரின் சூடு எட்டாத சுவராகப் பார்த்து மாட்டினேன். வெயில் படாமல் திரையை இழுத்துவிட்டேன். என் கணவரின் அக்காவான மச்சாளைத்தான் நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மச்சாள் றிச்மண்ட் ஹில் கோயிலிலிருந்து நேரே வந்தார்.

“உதென்ன, பாம்பே?”

“ஓம் மச்சாள். அவையின்ர ஊரிலை சில இடங்களிலை அதை அடிக்க மாட்டினமாம்.”

தேத்தண்ணியோடு நான் திரும்பி வந்தபோது, சுருளுக்கு மேலே, வெறுமையின் நடுவில், சந்தனமும் குங்குமமும் இருந்தன. மச்சாள் கைகூப்பி நின்றார்.

“என்ன செய்துபோட்டியள்!”

“நாகதம்பிரானை உப்பிடி வெறுமனே விடுறதே? அந்தப் பிள்ளை அவசரத்திலை பாதியிலை விட்டிட்டுது போலை. இப்ப பாரும், முகம் வந்திட்டுது.”

“அது எங்கட படமில்லை மச்சாள்!”

“சாமியிலை என்ன எங்கட, அவையின்ர?”

ஈரப் பஞ்சால் ஒற்றினேன். சந்தனம் வந்தது. குங்குமம் இளஞ்சிவப்பாகப் பரவத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.

அன்று மாலையே ஓவியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேலே வெள்ளை பூசலாமா என்று கேட்டேன்.

“பூசலாம். பிறகு அது துணியாக இருக்காது, வெள்ளைப் பூச்சாக இருக்கும்,” என்றார். “கல்லூரியில் எல்லோரும் அந்த இடத்தில் ஏதாவது போடு, போடு என்றார்கள். உங்கள் மச்சாள் போட்டேவிட்டார்.”

அவர் சிரிக்கவில்லை. படத்தைக் கழற்றிக்கொண்டு போனார்.

கண்காட்சியில் இரண்டு படங்களே தொங்கின. நான் எவ்வளவு தடுத்தும் மச்சாள் பட்டுச்சேலையில் வந்திருந்தார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே ஓவியரிடம் போய் நின்றார்.

“எங்கட படம் எங்கை பிள்ளை? அதெல்லோ வடிவு!”

என்ன கேட்கிறார் என்று ஓவியர் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“அது வீட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள். இனி அதை எங்கேயும் வைக்க முடியாது என்பதையும் சொல்லுங்கள்.”

இரண்டையும் சொன்னேன். மச்சாளுக்கு முதலாவதுதான் காதில் விழுந்தது.

“பாத்தீரே, விக்க மனமில்லாமல் வீட்டிலை வச்சிருக்கிறா,” என்றார்.